வளர்பிறை ஏகாதசி, மொட்டை மாடி

சரளாவின் வீட்டில் பாதியில் நின்றுபோன பொருள்களுக்கென்றே ஓர் அலமாரித் தட்டு இருந்தது. கைப்பிடி போடாத ஒயர் கூடை ஒன்று, மூக்கு தைக்காத பச்சைக் கிளியோடு ஒரு தலையணை உறை, முதல் பரீட்சையோடு மூடிவைத்த இந்திப் புத்தகம். எல்லாமே நன்றாகத்தான் ஆரம்பித்திருந்தன. கூடையின் முடிச்சுகளைப் பார்த்தால் கடையில் வாங்கியதோ என்று சந்தேகம் வரும். ஆனால் கைப்பிடி இல்லாத கூடையை யார் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போவார்கள்?

ராஜகீழ்ப்பாக்கம் கூட்டு ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருந்த அவள் கணவன் ரங்கன் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தான். "அரைக்கிணறு." கிணற்றைப் பாதி தாண்டினவர் எங்கே போய் விழுவார் என்பது ஊருக்கே தெரியும். அவன் அன்பாகத்தான் கூப்பிடுவான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அது சரளாவுக்குக் கொஞ்சம் குத்தும்.

சேலையூர்ப் பக்கம் ஒரு நூலகத்தில் அவள் உதவியாளர். 1985 ஐப்பசி மழையில் ஒரு சனிக்கிழமை அங்கே ஒரு கூட்டம் நடந்தது. தாம்பரத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை செய்யும் தனசிங் என்பவர் பேசினார். எழுபத்தாறு வருஷத்துக்கு ஒரு தடவை வரும் வால் நட்சத்திரம் அடுத்த பங்குனி, சித்திரையில் நம் தெற்கு வானத்தில் தெரியப்போகிறது என்றார். அதைப் பார்க்க டெலஸ்கோப் வாங்க வேண்டியதில்லை, வீட்டிலேயே செய்யலாம் என்றும் சொன்னார். "ரெண்டு வட்டக் கண்ணாடி, கொஞ்சம் பொடி, தண்ணி. அப்புறம் பொறுமை. அவ்வளவுதான்."

நாற்காலிகளை அடுக்கிவைக்கும்போது சரளா அவரிடம் போய் நின்றாள்.

"சார், அந்தப் பொறுமை எங்க கிடைக்கும்?"

"அது மட்டும் கடையில இல்லக்கா," என்று சிரித்தார் தனசிங். "தேய்க்கத் தேய்க்க வரும்."

கார்த்திகை பிறந்ததும் வீட்டுக் கொல்லையில் வேலை ஆரம்பமானது. கண்ணாடி தேய்ப்பது கேட்பதற்குத்தான் மந்திரம் மாதிரி இருக்கும். நேரில் பார்த்தால் எளிது. ஒரு பழைய இரும்பு டிரம்மில் ஆடாமல் இருக்க மணலை நிரப்பி, அதன் தலையில் ஒரு தடித்த கண்ணாடி வட்டை அசையாமல் பொருத்த வேண்டும். வட்டு ஏறக்குறைய ஒரு சாண் அகலம். அதன்மேல் கரகரப்பான பொடியைத் தூவித் தண்ணீர் தெளித்து, அதே அளவில் இன்னொரு வட்டை மேலே வைத்து முன்னும் பின்னும் தள்ள வேண்டும். நாலு தள்ளு தள்ளியதும் மேல் வட்டைக் கொஞ்சம் திருப்பி, நாமும் டிரம்மைச் சுற்றி ஓர் எட்டு நகர்ந்துகொள்ள வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இரண்டு தட்டையான கண்ணாடியைத் தேய்த்தால் இரண்டும் தட்டையாகவே தேயும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படி ஆவதில்லை. மேல் வட்டை முன்னால் தள்ளும்போது அதன் ஒரு பகுதி வெளியே நீட்டிக்கொள்கிறது. அந்த நேரத்தில் மேல் வட்டின் நடுப்பகுதி கீழ் வட்டின் விளிம்பின்மேல் பாரத்தைப் போட்டு உட்கார்கிறது. அதனால் மேலே இருப்பதில் நடு தேய்கிறது, கீழே இருப்பதில் ஓரம் தேய்கிறது. மேலது மெல்ல மெல்லக் கிண்ணம்போல் குழிகிறது, கீழது மேடாகிறது. அந்தக் குழிதான் வானத்து வெளிச்சத்தைப் பிடித்து ஓர் இடத்தில் குவிக்கும் ஆடி. குழிவு என்றாலும் பெரிதில்லை, நடுவில் ஒரு பத்துப் பைசாக் காசின் கனம் தேய்ந்தால் போதும். ஆனால் அந்தக் கனத்தைக் கையால் தேய்த்து எடுக்க மாதக்கணக்காகும்.

சரளா இதைப் புரிந்துகொண்ட அன்று பக்கத்து வீட்டுக்கே கேட்கும்படி சிரித்தாள். பக்கத்து வீட்டில் இருந்தவள் ரங்கனின் அக்கா ரேணுகாம்பாள். மதில்மேல் தலை முளைத்தது.

"இன்னாடி சரளா, ஆட்டுக்கல்லுல மாவு இல்லாமயே ஆட்டிகினுகீறே?"

"டெலஸ்கோப்புக்குக் கண்ணாடி அண்ணி. வால் நட்சத்திரம் பாக்க."

"அத்த கண்ணால பாத்தா ஆவாதா? பேஜாரு புட்ச்ச வேல." தலை மறைந்தது. உடனே திரும்பவும் வந்தது. "எத்தினி நாளிக்கு?"

அந்தக் கேள்விதான் முள். எத்தனை நாளைக்குத் தேய்க்க வேண்டும் என்று அவள் கேட்கவில்லை, இந்த ஆசை எத்தனை நாளைக்கு என்றுதான் கேட்டாள். சரளாவுக்கும் அதே பயம் இருந்தது. இதுவும் அந்த அலமாரித் தட்டுக்குப் போய்விட்டால், இனி வாழ்க்கையில் எதையும் ஆரம்பிக்கத் தனக்கே துணிச்சல் வராது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அதனால் இந்தத் தடவை தன்னைத்தானே கட்டிப்போட இரண்டு உபாயம் செய்தாள்.

முதல் உபாயம் குக்கர். பெரிய இலக்கைப் பார்த்து மலைத்து நிற்காமல், சோறு வேகும் வரைதான் தேய்ப்பது என்று வைத்துக்கொண்டாள். அடுப்பில் குக்கரை ஏற்றிவிட்டுக் கொல்லைக்குப் போவாள். விசில் வந்து அடங்கினால் கையை அலம்பிவிட வேண்டியதுதான், இன்னும் கொஞ்சம் என்று ஆசைப்படக்கூடாது. ஆசை மிச்சமிருக்கும்போதே நிறுத்தினால் மறுநாள் அந்த மிச்சமே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரும். சலித்துப்போகும் வரை செய்துவிட்டு நிறுத்தினால், மறுநாள் முதலில் நினைவுக்கு வருவது அந்தச் சலிப்புதான். கூடை நின்றதும் கிளி நின்றதும் அப்படித்தான் என்பதை அவள் டிரம்மைச் சுற்றி நடக்கும்போதுதான் யோசித்துக் கண்டுபிடித்தாள்.

இரண்டாவது உபாயத்தைத் தை மாதத்தில் செய்தாள். கல்யாணத்துக்கு முகூர்த்த நாள் குறித்துப் பத்திரிகை அடித்துவிட்டால், சமையல்காரன் வராவிட்டாலும் பந்தல் சாய்ந்தாலும் கல்யாணம் நடந்தே தீரும். ஆகவே இதற்கும் நாள் குறித்து நோட்டீஸ் அடித்துவிடுவது என்று தீர்மானித்தாள். நல்ல நாள் பார்க்க ரேணுகாம்பாளை விட்டால் யார்? தேதிக் காலண்டரை மடியில் வைத்துப் புரட்டினாள் அவள்.

"சித்திர மொத ஞாயித்துக்கெழம. வளர்பிற ஏகாதசி. இத்த வுட்டா உனுக்கு வேற நல்ல நாளே கெடயாது."

மேற்குத் தாம்பரத்தில் அச்சகம் வைத்திருந்த அப்பாதுரை நோட்டீஸைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "வால் நட்சத்திரப் படம் அச்சடிக்க என்கிட்ட பிளாக் இல்லம்மா. கிறிஸ்துமஸ் ஸ்டார் ஒண்ணு கீது. அதுக்கே வால் இருக்கிற மாதிரிதான் இருக்கும். போட்டுடட்டா?"

போட்டுவிட்டார். 'வால் நட்சத்திரம் காண வாரீர்! இடம்: ரங்கன் சைக்கிள் கடை வீட்டு மொட்டை மாடி' என்ற ரோஸ் நிறத் தாள் தெருவெல்லாம் போனது. நட்சத்திரப் படத்தைப் பார்த்துப் பாதிப் பேர் ஜெபக்கூட்டம் என்று நினைத்தார்கள். மீதிப் பேர் சுண்டல் உண்டா என்று கேட்டார்கள். ரங்கன் கடைச் சுவரில் ஒன்றை ஒட்டிவிட்டு வந்து நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"கண்ணாடியே இன்னும் ரெடியாவல. அதுக்குள்ள ஊரயே கூப்ட்டுட்டியேமே!"

"அதுக்குத்தாங்க கூப்பிட்டேன்," என்றாள் சரளா.

ஒரு குணம் அவளுக்கே தெரியாமல் வளர்ந்துகொண்டிருந்தது. முதலில் கரகரப்பான பொடி, அப்புறம் அதைவிட நைசானது, அப்புறம் இன்னும் நைஸ் என்று பொடியை மாற்றிக்கொண்டே போக வேண்டும். கைப்பிடியில்லாத கூடையில்தான் அந்தப் பொட்டலங்கள் இருந்தன. ஒவ்வொரு பொடியும் முந்தைய பொடி போட்ட கீறல்களை அழித்து, அதைவிடச் சின்னக் கீறல்களைப் போடும். மாற்றும்போது டிரம், கை, வாளி, துணி எல்லாவற்றையும் கழுவியாக வேண்டும். பழைய பொடியில் ஒரே ஒரு மணி தங்கிவிட்டாலும் போச்சு.

மாசி மாதம் ஒரு மணி தங்கிவிட்டது. புடவைக் கொசுவத்தில் ஒளிந்திருந்ததாம். பளபளப்பு ஏறிக்கொண்டிருந்த கண்ணாடியின் குறுக்கே, புதுச் சுவரில் யாரோ ஆணியால் இழுத்ததுபோல் ஒரு கோடு விழுந்தது. பழைய சரளாவாக இருந்தால் அன்றோடு சரி. இந்தச் சரளா ஒரு டம்ளர் காப்பி குடித்தாள், இரண்டு படி பின்னால் போய்ப் பழைய பொடியையே எடுத்தாள். கோடு மறைய வாரங்கள் போயின. ஆனால் மறைந்தது.

கடைசிக் கட்டம் மெருகேற்றுவது. உருக்கிய தாரையும் பிசினையும் அடிவட்டின் மேல் ஊற்றி, அது இறுகும்போது சதுரம் சதுரமாகக் கீறிவிட்டு, அதில் காவிப் பொடியைக் குழைத்துப் போட்டுத் தேய்க்க வேண்டும். கை சிவந்துவிடும். நூலகத்துக்கு வந்தவர்கள், "மருதாணியா சரளா? இன்னா விசேஷம்?" என்று கேட்டார்கள். "டெலஸ்கோப்புக்கு வளைகாப்பு," என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தில் முத்திரை குத்தினாள்.

பங்குனி பிறக்கும் தறுவாயில் தனசிங் கண்ணாடியைப் பார்க்க வந்தார். ஒரு பல்பைத் தகர டப்பாவுக்குள் வைத்து, டப்பாவில் ஊசியால் ஓட்டை போட்டு, அந்த வெளிச்சப் புள்ளியைக் கண்ணாடியில் பட்டுத் திரும்ப வைத்தார். திரும்பி வந்த வெளிச்சத்தை ஒரு ஷேவிங் பிளேடின் விளிம்பால் மெல்ல மறைத்தார். அப்படி மறைக்கும்போது கண்ணாடியில் விழும் நிழலைப் பார்த்தால் எந்த இடம் மேடு, எந்த இடம் பள்ளம் என்பது குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும். தலைமுடியில் நூற்றில் ஒரு பங்கு மேடு கூட மலையாகத் தெரியும்.

"பிரமாதம்க்கா. ஓரம் மட்டும் கொஞ்சம் சரி பண்ணணும். ஒரு மாசம் பிடிக்கும்," என்று எழுந்தவர் கண்ணில் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸ் பட்டது. படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

"யாருக்கா இந்த நாள் குறிச்சது?"

"எங்க அண்ணிதான். ஏன் சார்? வளர்பிறை ஏகாதசி. நல்ல நாள்தானே?"

"கல்யாணத்துக்கு நல்ல நாள்." தனசிங் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏகாதசின்னா நிலா முக்கால்வாசிக்கு மேல வளந்திருக்கும். பொழுது சாயும்போதே நடு வானத்துல நிக்கும். அந்த வெளிச்சத்துல வால் நட்சத்திரம் எங்க தெரியும்? கல்யாண மண்டபத்து சீரியல் லைட்டுக்கு நடுவுல மின்மினியத் தேடுற கதைதான். அதுக்கெல்லாம் அமாவாசை ஒட்டின இருட்டு வேணும்."

சரளா நோட்டீஸைத் திரும்பிப் பார்த்தாள். நம் ஊரில் வீடு கட்டினாலும் காது குத்தினாலும் வளர்பிறை பார்த்துத்தான் செய்வோம். வானத்தைப் பார்க்கவும் வளர்பிறையே பார்த்துவிட்டார்கள். வானத்துக்காரனுக்கு அது ஆகாது என்று யாருக்குத் தோன்றும்?

"அமாவாசைக்கே மாத்திக்கலாமா சார்?"

"மாத்தலாம். ஆனா கண்ணாடிக்குப் பாதரசம் மாதிரி அலுமினியப் பூச்சு போடணும்ல? பெங்களூருக்கு அனுப்பினா வர ஒரு மாசத்துக்கு மேல. ஓரத்தச் சரி பண்ணவே ஒரு மாசம். வெறும் கண்ணாடி தன்மேல விழுற வெளிச்சத்துல நூத்துக்கு நாலு பங்குதான் திருப்பித் தரும். மங்கலான வால் நட்சத்திரத்துக்கு அது காணாது." அவர் குரல் தாழ்ந்தது. "அந்தக் கீறல் விழாம இருந்திருந்தா நேரம் இருந்திருக்கும்."

ஆக, இருட்டு நாளில் கண்ணாடி தயாராகாது. கண்ணாடி தயாராகும் நாளில் இருட்டு இருக்காது. அன்று சரளா டிரம்மின் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடினாள். இரண்டு நாள் கழித்து ரேணுகாம்பாள் அதன்மேல் வடகம் காயப்போட்டாள். குக்கர் யாரையும் கொல்லைக்கு அனுப்பாமல் விசிலடித்து அடங்கியது.

ரங்கன் அந்த வாரம் முழுக்க ஒரு தடவைகூட 'அரைக்கிணறு' என்று சொல்லவில்லை. அதுதான் அவளுக்குக் கூடுதலாக வலித்தது. கடையில் ஒரு சைக்கிளின் முன் ஃபோர்க்கை நெம்பி அகலப்படுத்தி, அதன் நடுவில் பலகைப் பெட்டி ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தான். பெட்டிதான் டெலஸ்கோப்பின் உடம்பு. ஹேண்டில்பாருக்குக் கீழே இருக்கும் பால்ரஸ் குண்டுகளால் அது இடமும் வலமும் வெண்ணெயாகத் திரும்பியது.

"எதுக்குங்க அது இனிமே?" என்று கேட்டாள்.

"பாதில வுடறது உன் வேல. நான் இன்னாத்துக்குமே வுடணும்?" என்றான் அவன், நிமிராமல்.

அன்று சாயங்காலம், வடகத்தை எடுத்துக் கொடுக்கப் போனவள் சாக்கை விலக்கினாள். கண்ணாடியின் மேல் படிந்திருந்த காவியைக் கழுவி, துடைத்து, சும்மா பார்க்கலாம் என்று மாடிக்கு எடுத்துப்போனாள். மேற்கில் நாலாம் பிறை இருந்தது. கண்ணாடியை அதன் பக்கம் சாய்த்து ஒரு செங்கல்லில் நிறுத்தினாள். மிச்சமிருந்த நோட்டீஸ் ஒன்றின் அச்சடிக்காத பின்புறத்தைக் கண்ணாடிக்கு எதிரே பிடித்து, முன்னும் பின்னும் நகர்த்தினாள்.

ஓர் இடத்தில் தாளின்மேல் நிலா வந்து உட்கார்ந்தது.

நெற்றிப் பொட்டு அளவுதான். ஆனால் முனைகள் இரண்டும் ஊசிபோல் கூர்மை. பூச்சு இல்லாத வெறும் கண்ணாடி. நூற்றுக்கு நாலு பங்கு வெளிச்சம். சரளா தாளைப் பார்த்தாள், நிலாவைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள். நூற்றில் நாலு காணாது என்றார் தனசிங். யாருக்குக் காணாது? மங்கலான வால் நட்சத்திரத்துக்கு. கொட்டிக் கிடக்கும் நிலா வெளிச்சத்தில் நாலு பங்கு என்பது தாராளம். வால் நட்சத்திரத்தைக் கெடுப்பது எதுவோ, அதைப் பார்க்கவே இந்தக் கண்ணாடி இப்படியே போதும்.

மறுநாள் நூலகத்திலிருந்து தனசிங்கின் கல்லூரிக்குப் போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னாள். மறுமுனையில் சிரிப்பு. "பூச்சுப் போட்டிருந்தா நிலா கண்ணக் கூச வச்சிருக்கும்க்கா! எனக்கு இது தோணல பாருங்க."

"நாளை மாத்த வேண்டாம்தானே?"

"மாத்தவே மாத்தாதீங்க."

சரளாவுக்கும் மாற்ற மனமில்லை. அவளுடைய கூடையும் கிளியும் இந்தியும் 'அப்புறம்' என்ற ஒரே வியாதியில்தான் செத்திருந்தன. வடகத் தட்டு மதில் ஏறிப் பக்கத்து வீட்டுக்குப் போனது. குக்கர் விசிலுக்கு மறுபடி வேலை வந்தது. பங்குனி முடிவதற்குள் ஓரமும் சரியாயிற்று.

அமாவாசை கழிந்த இருட்டில் ஒரு நாள் தெருக்காரர்களை மாடிக்குக் கூப்பிட்டு, தெற்கே வால் நட்சத்திரத்தை வெறும் கண்ணாலேயே காட்டினாள். கொடுத்த வாக்கு வாக்குதானே. கறுப்புத் துணியில் ஒட்டிய பஞ்சு மாதிரி மங்கலாக ஏதோ இருந்தது.

"இதுக்கா இம்மாம் பேரு கூவிகினு இருந்தானுங்க?" என்றாள் ரேணுகாம்பாள். "வாலு எங்கடி?"

"எழுபத்தாறு வருஷம் நடந்து வந்திருக்கு அண்ணி. களைச்சிருக்கும். இதுவும் நிலா இல்லாத இருட்டுலதான் தெரியும். ஞாயித்துக்கிழமை வாங்க, வேற காட்டறேன்."

ஏகாதசி ஞாயிறு வந்தது. பொழுது சாய்ந்ததும் மாடி நிரம்பிவிட்டது. சுண்டலும் இருந்தது, கேட்டவர்களை ஏமாற்றக்கூடாது என்று ரங்கன் காலையிலேயே கடலை ஊறப்போட்டிருந்தான். சைக்கிள் ஃபோர்க்கில் உட்கார்ந்திருந்த பலகைப் பெட்டியை அவளே நிலாவின் பக்கம் திருப்பினாள். இத்தனை பேருக்கு நடுவில் ஒன்றும் தெரியாவிட்டால்? கண்ணை வைத்தாள். பெரிய வெளிச்சக் கலங்கல். பார்வைக் குழாயை ஒரு நூலளவு உள்ளே தள்ளினாள்.

கலங்கல் இறுகி உலகமாயிற்று.

மலைகள், வட்ட வட்டமான பள்ளங்கள், பள்ளத்துக்குள் பள்ளம். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் எல்லையில்தான் அவை அழகாகத் தெரிந்தன. சாயங்காலம் நம் நிழல் நீளமாக விழுவதுபோல, அந்த எல்லையில் சூரியன் சாய்வாக அடிப்பதால் அங்கே ஒவ்வொரு மேட்டுக்கும் நீளமாக நிழல் விழும். முழுநிலா நாளாக இருந்திருந்தால் நிழலே இருக்காது, எல்லாம் தட்டையாகத் தெரிந்திருக்கும். ரேணுகாம்பாள் குறித்தது, கடைசியில், நல்ல நாள்தான்.

சரளா எழுந்து வழிவிட்டாள். "அண்ணி, மொதல்ல நீங்க பாருங்க."

ரேணுகாம்பாள் ஒரு கண்ணை மூடி, இன்னொன்றை வைத்தாள். வெகுநேரம் நகரவேயில்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது.

"யக்கா, குடும்பம் நடத்தப் போறியா அங்க? எங்களுக்கும் வுடு."

"இருப்பா, இரு." அவள் குரலே மாறியிருந்தது. "அய்யய்ய, ஆப்பச் சட்டில மாவு வெந்து ஓட்ட ஓட்டயா வருமே, அப்டிக் கீதுடி. நம்ம நெலாவா இது? தலகீழா வேற கீது."

"இந்த ஆடியில எல்லாமே தலைகீழாத்தான் தெரியும் அண்ணி."

"முயலு எங்க?"

"அந்தக் கறுப்புதான் முயல். கிட்டப் பாத்தா சமவெளி."

ரங்கன் கடைசியாகத்தான் பார்த்தான். பார்த்துவிட்டு ஒரு கை சுண்டலை அள்ளி அவள் கையில் வைத்தான். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "யோவ், தாண்டிட்டாய்யா! முழுக் கெணறு!" என்றான். மாடியே சிரித்தது.

மறுநாள் காலை சரளா அலமாரித் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியைப் பூச்சுக்காகப் பெங்களூருக்கு அனுப்ப ஏதாவது வேண்டுமே என்று கூடையை எடுத்துப் பார்த்தாள். கைப்பிடிக்கு ஒயர் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தபோது மதில்மேல் தலை முளைத்தது.

"சரளா, அந்த டிரம்மு இப்ப சும்மாதானே கீது?"

"ஆமா அண்ணி. வடகம் போடணுமா?"

"வடகம் கெடக்கட்டும்." ரேணுகாம்பாள் தெருவில் யாராவது கேட்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள். "எனுக்கும் அந்த மாதிரி ரெண்டு வட்டக் கண்ணாடி வாங்கிக் குடேன். உன்னுதவிடக் கொஞ்சம் பெருசா."

சரளா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "வாங்கலாம். ஆனா மொதல்ல நோட்டீஸ் அடிச்சிடணும் அண்ணி. நாள் குறிங்க."

ரேணுகாம்பாள் தயாராகத்தான் வந்திருந்தாள். இடுப்பில் செருகியிருந்த தேதிக் காலண்டரை எடுத்து மதில்மேல் வைத்தாள்.

"குறிச்சிட்டேன்," என்றாள் பெருமையாக. "நல்ல தேய்பிறையா பாத்து."